புகழேந்தி நினைவரங்கம்

திண்டிவனம்,
ஜனவரி 23, வெள்ளி.

அன்பு சங்கவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வீடும் ஒருவிதமாக இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் உன்னை எப்படி வைத்திருக்கின்றன என்று தெரிந்தால் எனக்குப் போதும். ட்யூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே. ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேப்பை மாவு தீர்ந்திருக்கும். வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன், அயர்லாந்துக்குப் போகிற யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். பொங்கல் கழிந்து கடையைத் திறந்துவிட்டேன். தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையாக வருகின்றன. எல்லோரும் தங்க எழுத்து கேட்கிறார்கள். அடித்துக் கொடுக்கிறேன். வேலை செய்யும்போது ஒன்றும் தோன்றுவதில்லை. கடையைப் பூட்டி வீட்டுக்கு நடக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். "ஏம்மா அன்னிக்கி செவ்வாக்கிழம அப்பா நல்லா இருக்காருன்னு பொய் சொன்ன?" என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மெதுவாகக் கேட்டாய். குக்கர் விசில் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. எழுதினால் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது. அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். சீக்கிரம் முடிக்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. கையால் எழுதுகிறேன்.

நம் கலை வட்டம் நீ கிளம்பிப்போன வருஷம் ஆரம்பித்தது, நடப்பதை நீ முழுதாகப் பார்த்ததில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஒரு மாதம் திண்டிவனம், ஒரு மாதம் விழுப்புரம். காலையில் மண், காகிதம், மூங்கில், கரி என்று எதையாவது கையில் கொடுத்து ஒரு பயிற்சி. மதியம் சோறு. பிறகு ஒருவர் பேசுவார். ஒருமுறை எல்லோரையும் பனமலைக்குக் கூட்டிப்போய்க் குன்றின்மேல் உட்காரவைத்து ஏரியை வரையச் சொன்னார்கள். கிளியனூரிலிருந்தும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். கூட வந்த அம்மாக்கள் இரண்டாம் வருஷத்திலிருந்து தாங்களும் தாள் கேட்டு வாங்கினார்கள். அப்பா மேடையில் உட்கார்ந்ததே இல்லை. மின்வாரியத்தில் கம்பம் ஏறின பழக்கம், ஏணி இல்லாமல் பேனர் கட்டுவார். நாற்காலி போடுவார். எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கூட்டம் நடக்கிற கூடத்துக்கு ஒவ்வொரு மாதமும் இறந்துபோன ஒருவர் பெயரை வைப்போம். எல்லா ஊர்க் கூட்டங்களிலும் உள்ள பழக்கம்தான், இன்னார் நினைவரங்கம் என்று அழைப்பிதழில் போடுவது. மற்றவர்கள் பெரிய பெயர்களை வைப்பார்கள். அப்பா முதல் கூட்டத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார். "பெரிய ஆளுங்களுக்கு ரோடு இருக்குது, செல இருக்குது, பஸ் ஸ்டாண்டு இருக்குது. நம்ம ஆளுங்களுக்கு ஒரு நாளைக்கி ஒரு ஹாலு இருக்கட்டுமே" என்றார். அதனால் டீக்கடை பெரியசாமி நினைவரங்கம். மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மாள் நினைவரங்கம். கூட்டம் முடிந்ததும் வீரம்மாளின் மகள் அந்த பேனரை மடித்துக் கேட்டு வாங்கிப் போனாள். மழைக்குக் கூரைமேல் போட்டிருக்கிறாள், அம்மா பெயர் உள்பக்கம் தெரிகிற மாதிரி. அப்பா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் கூட்டம் காகிதக்கூழில் முகமூடி செய்வது. திண்டிவனத்தில், மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அப்பாவைச் சேர்த்திருந்த புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, இன்றைக்குத் தாண்டாது, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய், டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். வைத்துவிட்டுத் திரும்பினால் சகாயராஜ் சித்தப்பாவும் கிளியனூர் சீனுவாசனும் நின்றுகொண்டிருக்கிறார்கள். வட்டத்தின் சமையல் சீனுவாசன் பொறுப்பு, மைக் சித்தப்பா பொறுப்பு, கண்டக்டர் வேலையில் கத்தி வளர்த்த குரல். சீனுவாசன்தான் ஆரம்பித்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பேனருக்காரன் ஆறு மணிக்குள்ள ஃபைல் கேட்டுக்கினு இருக்கான். கூட்டத்தத் தள்ளி வச்சிடலாங்களா?" என்றான். காகிதம் ஊறப்போட்டாகிவிட்டது, ஞாயிறு தாண்டினால் நாறிவிடும். அறுபது பிள்ளைகள். சொல்லித்தர வருகிறவர் மதுரையிலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அப்பா ஒரு மழைக்குக்கூடக் கூட்டத்தைத் தள்ளி வைத்தவர் இல்லை. நடக்கட்டும் என்றேன். "அப்போ அரங்கத்துக்குப் பேரு" என்று சீனுவாசன் இழுத்தான். சித்தப்பா அவன் தோளைப் பிடித்துத் தள்ளி, "மூட்றா வாய, மனுசன் உள்ள மூச்சு வுட்டுக்கினு இருக்காரு" என்றார். நன்றாக நினைவிருக்கிறது. சித்தப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார்.

நான்தான் லேப்டாப்பைத் திறந்தேன் சங்கவி.

நம் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறவர்களை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். "டாக்டரு கைய விரிச்சிட்டாருங்க, இதான் போட்டோ, தேதிய மட்டும் வுட்டுட்டு அடிச்சி வச்சிடுங்க" என்பார்கள். கடைசி நேரத்தில் அலைய முடியாது என்பது அவர்கள் கவலை. இருபது வருஷமாகத் தேதிக்கு இடம் விட்டு அஞ்சலி போஸ்டர் அடித்து வைத்திருக்கிறேன். சிலர் திரும்ப வரவே மாட்டார்கள், ஆள் பிழைத்திருப்பார். ஃபைலை அழித்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அன்றைக்கு என் கை அந்த வேலையைத்தான் செய்தது. ஆனால் கூட்ட அழைப்பிதழில் விட்டுவைக்கத் தேதி ஏது. அது ஏற்கெனவே போட்டிருந்தது. பதினான்காம் தேதி ஞாயிறு, காலை பத்து மணி. அதன் மேலே அப்பா பெயரை வைத்துப் புகழேந்தி நினைவரங்கம் என்று அடித்தேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். இருபக்கமும் மெல்லிய கோடு ஒன்று வைத்தேன். அனுப்பினேன். அழவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஆறேகாலுக்கு அது எல்லா வாட்ஸப் குழுவிலும் போய்விட்டது.

புதன்கிழமை காலையில் அப்பா கண் திறந்து காபி கேட்டார். டாக்டரம்மாவே சிரித்தார். உனக்குப் போன் செய்து வரவேண்டாம், எழுந்துவிட்டார் என்றேன். ஐப்பசியில் வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனவள், உனக்கு லீவும் இல்லை, நீ டிக்கெட்டைக் கேன்சல் செய்தாய். பத்து மணி இருக்கும், கிளியனூர் விருத்தாசலம் வார்டுக்குள் வருகிறார். கையில் ஆளுயர ரோஜா மாலை. வாட்ஸப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கட்டிலில் அப்பா டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மனிதர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்க்கிறார். அந்த மாலையை எங்கே ஒளிப்பது. அப்பா பார்த்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "யோவ் விருத்தாசலம், வாங்கினு வந்தத ஏன் ஒளிக்கிற? ஞாயித்துக்கெழம மதுரக்காரரு வர்றாரு இல்ல, அவருக்குப் போட்டுடு. தண்ணி தெளிச்சி வச்சா நாலு நாளு தாங்கும்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். விருத்தாசலம் அழுதுவிட்டார்.

அவர் போன பிறகு அப்பா கையை நீட்டினார், அழைப்பிதழைக் காட்டு என்று. இன்னும் தயாராகவில்லை என்றேன். கையை எடுக்கவில்லை. கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார், எப்போதும் படிப்பது மாதிரி. யார் போட்டது என்றார். சகாயராஜ் சொல்லி பேனர்காரன் போட்டுவிட்டான் என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அப்பா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "பேனருக்காரன் இந்த மாரி கோடு போட மாட்டான். இது நீ போட்ற கோடு" என்றார். "கொஞ்சம் ஜல்தி பண்ணிட்ட காந்தி" என்றார். சிரித்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொல்கிறார். என்னால் முடியவில்லை. அவர் கேலி செய்கிற மனிதர். வலித்தாலும் கேலிதான் செய்வார்.

அன்று மத்தியானமே உனக்கும் அந்த அழைப்பிதழ் வந்து சேர்ந்து, நீ போனில் கத்தினாய், யார் போட்டது என்று. அதே பொய்யை உனக்கும் சொன்னேன். முதல் முறை சொல்லும்போது வாயில் வந்தது, இரண்டாம் முறை நானே எடுத்துச் சொன்னேன். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். நீ சித்தப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய். எங்கப்பா சாகிறதுக்காகக் காத்துக்கொண்டிருந்தீர்களா என்று. நான் அதைப் பார்த்தது காரியத்துக்குப் பிறகு, அவர் போனில் அப்பா போட்டோ தேடும்போது. கீழே அவர் பதில் ஒரே வரி. மன்னிச்சிடும்மா. அவ்வளவுதான். உங்கம்மா அடித்தது என்று அவர் உன்னிடம் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியத்துக்கு வந்த பதினான்கு நாளும் நீ அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கினாய். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. வேறு பேனர் அடிக்க நேரமில்லை, சீனுவாசன் அந்த வரியின்மேல் வெள்ளை சார்ட் தாளை ஒட்டிவிட்டான். நான் போகவில்லை, அப்பாவோடு இருந்தேன். சித்தப்பா வீடியோவில் கூப்பிட்டார். அறுபது பிள்ளைகளும் ஈர முகமூடியைப் பிடித்துக்கொண்டு கையாட்டினார்கள். கூழ் வழிந்து கன்னமெல்லாம் காகிதம். அப்பா ஒவ்வொன்றையும் கிட்டே காட்டச் சொன்னார். சாப்பாட்டுக்கு எத்தனை பேர், ரசம் வைத்தார்களா, மதுரைக்காரருக்கு டீ கொடுத்தார்களா என்று கேட்டார். பிறகு பேனரைக் காட்டு என்றார். "சார்ஜி இல்லண்ணே, கட்டாவுது, கட்டாவுது" என்று சித்தப்பா நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டு சொன்னார். அப்பா என்னைப் பார்த்து, "கண்டக்டருக்கு இன்னும் பொய் சொல்ல வரல" என்றார். அன்றுதான் கடைசியாக நீளமாகப் பேசியது.

இனிமேல் எழுதப்போவதுதான் நீ கேட்டதற்குப் பதில். திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பாதம் சில்லென்று இருந்தது, போர்வையைச் சுற்றியும் சூடேறவில்லை. மத்தியானம் நெஞ்சுக்குள் ஒரு சத்தம். நர்சு பெண் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். டாக்டரம்மாவும் இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை, ஒரு தடவை சொல்லி அவரும் பொய்யாகியிருந்தார். ஆனால் எனக்குத் தெரிந்தது. உன் பெயரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை. ஒருமுறை அவரை நான் எழுதிவிட்டேன். ஊர் முழுக்க அனுப்பிவிட்டேன். இன்னொரு முறை என் வாயால் சொன்னால் நானே அவரை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நான் சொல்லாமல் இருந்தால் அவர் இருப்பார். இப்படி நினைத்தவள் எம்.ஏ. படித்தவள். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதுதான் நிஜமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நீயே கூப்பிட்டாய். அப்பா எப்படி இருக்கிறார் என்றாய். நான் அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்காரு, தூங்கறாரு" என்றேன். தூங்கவில்லை. பாதம் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வருகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நீ நர்சு, மீதியை நீயே தெரிந்துகொண்டிருப்பாய். தெரிந்துகொள்வாய் என்பதனால்தான் சொல்லவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திங்கள் மத்தியானம் சொல்லியிருந்தால் புதன்கிழமை காலையில் நீ இங்கே இருந்திருப்பாய். புதன் முழுக்க அவர் கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை, ஆனால் பார்த்தார். யார் உள்ளே வந்தாலும் வாசலைப் பார்த்தார். வியாழன் பதினொரு மணிக்குத்தான் போனார். நீ சனிக்கிழமை வந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். அந்தப் புதன்கிழமை உன்னுடையது சங்கவி. நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதப்போவதில்லை, அப்படி எழுதினால் நீ மன்னித்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடும். நடந்ததை எழுதிவிட்டேன். நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இரு.

போன வாரம் சித்தப்பாவும் சீனுவாசனும் வீட்டுக்கு வந்தார்கள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு கூட்டமும் இல்லை, மார்ச் இரண்டாம் ஞாயிறு விழுப்புரத்தில் மீண்டும் தொடங்கலாம் என்று பேச்சு. பொம்மலாட்டம் சொல்லித்தர ஒருவர் வருகிறார். எல்லாம் பேசினார்கள், அரங்கத்துக்குப் பெயர் மட்டும் யாரும் எடுக்கவில்லை. சீனுவாசன் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான். கடைசியில் நானே எடுத்தேன். அப்பா பெயரை வைப்பதா வேண்டாமா என்பதை நான் சொல்லமாட்டேன், சங்கவி சொல்லட்டும் என்றேன். சித்தப்பா தலையாட்டினார். "அது பேஜாராயிருக்குமே அண்ணி, புள்ள எம்மேல கோவமா இருக்குது" என்றார். உங்கள்மேல் இருக்கவேண்டிய கோபம் இல்லை அது, என் மேல் இருக்கவேண்டியது, அவளுக்கு எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் அண்ணி, என் மேலேயே இருக்கட்டும், எனக்கென்ன, பஸ்ஸில் முப்பது வருஷம் வாங்காத திட்டா என்றார். அவரை நினைத்துக்கொள். நீ வைக்கலாம் என்றால் வைப்பார்கள். வேண்டாம் என்றால் கூடத்துக்குப் பெயரே இல்லாமல் நடக்கும், அதிலும் தவறில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாலும் சரி. அழைப்பிதழை இனி நான் அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், விழுப்புரத்திலேயே யாரிடமாவது கொடுத்துக்கொள்வார்கள். உன் பதில் வரும்வரை அவர்கள் அச்சுக்குக் கொடுக்கமாட்டார்கள்.

அந்த ஊரில் ரோட்டில் பனி உறைந்தால் வழுக்கும் என்கிறார்கள், பார்த்து நட. கழுத்தை மூடிக்கொள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறாதே. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், உன் கையால் பத்துப் பேர் பிழைத்து, மனசு கசக்காமல் வாழவேண்டும். அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எனக்கு இப்போது ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் பின்னால் ஒருநாள் எனக்கு முடியாமல் போனால் உனக்குச் சொல்லவேண்டியது நான் இல்லை, சகாயராஜ் சித்தப்பா. உன் நம்பரைத் தாளில் பெரிதாக எழுதி அவர் வீட்டு பீரோக் கதவில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். சந்தேகம் வந்த உடனே கூப்பிடுவார், நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வந்து பார்த்தால் நான் எழுந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை. பத்து முறை வீணாக வந்தாலும் பதினோராவது முறையும் வா. அவரைத் திட்டாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
காந்திமதி